தலைவரின் கண்ணில் வெள்ளை வட்டம்

இணையத்தில் வந்த தன் பேட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்த பள்ளிவாசல் தலைவர் காலிதீன் ஹாஜியாருக்குத் திடீரென்று வியர்த்தது. திரையில் அவருடைய இரண்டு கருவிழிகளிலும் பளிச்சென்று ஒரு வெள்ளை வட்டம்.

"கமீலா! கண்ணுல வெள்ளை வட்டம் விழுந்தா ரத்தத்துல கொழுப்பு ஏறிட்டுதாம். ஹார்ட் அட்டாக் வருமாம். டொக்டர் ஒராள் வீடியோவுல சொன்னாரு."

மனைவி கிட்ட வந்து கண்ணை உற்றுப் பார்த்தாள். "எனக்கு ஒண்டும் தெரியல்லியே."

"உன்ட கண்ணுக்கு என்ன புள்ள தெரியும்? இது விலைகூடின கமரா!"

அன்றே வீட்டில் மாட்டிறைச்சி நின்றது. மவுத்து வந்து கண்மூடும் முன் மனசைச் சுத்தப்படுத்திவிட நினைத்தவர், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எழுந்தார். யார் கேட்டும் விடாத பதவியைத் தன் பரம வைரி ஆதம்லெப்பையிடமே ஒப்படைத்து, "மாப் பண்ணுங்க" என்று விம்மினார். ஊரே கண்ணீர் விட்டது.

மறுநாள் புதிய தலைவரின் பேட்டி நேரலையில் போனது. பார்த்த ஹாஜியார் துள்ளி எழுந்தார். ஆதம்லெப்பையின் கண்களிலும் அதே வட்டம்!

"அவனுக்கும் வந்திட்டு கமீலா! அவனாலயும் ஏலா. பதவி நமக்குத்தான்!"

சேர்ட்டை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினார். அங்கே ஆதம்லெப்பையின் முகத்துக்கு நேரே, சைக்கிள் சில்லுப் போன்ற வட்ட விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"தள்ளி நில்லுங்க ஹாஜியார்," என்றார் நிருபர் ஸஜாத். "இந்த வெளிச்சம் கண்ணுல வட்டமா விழுந்தாத்தான் தலைவர்ட முகம் எடுப்பா இரிக்கும்."