ஐந்தாவது மேடு

உருட்டிய செம்புத் தகட்டை உலையில் பதமாக்கும்போது உள்ளே படிகங்கள் புதிதாக வளர்ந்து ஒரே ஒழுங்கில் திரும்பிக்கொள்ளும். அந்தத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தினால் விளிம்பில் நான்கு மேடுகள் எழும். அளவுக்கு மேல் எழுந்தால் தகடு கழிவு. மூன்றாவது முறை கழித்தால் உலைக்காரருக்கு வேலை போய்விடும். கழிவுப் படிவத்தில் சோதகனான என்னுடைய கையெழுத்துதான். என் தங்கையை நடுத்தெருவில் விட்டவர் அவர். முதல் இரண்டு முறை நான் கழித்தவை நல்ல தகடுகள்தான்.

திங்களன்று அவர் கொண்டுவந்த தகட்டில் அழுத்திய கிண்ணத்தில் ஐந்து மேடுகள் இருந்தன.

“உலையில என்னத்தப் பண்ணித் தொலைச்சீங்க, மாப்பிள்ளை?”

“எந்த உலையிலயும் அஞ்சு வராது மச்சான். இது உங்க கைவரிசை.”

அவர் எதிரிலேயே அதே தகட்டில் பன்னிரண்டு வட்ட வில்லைகள் வெட்டி, ஒவ்வொன்றையும் வேறு பக்கம் திருப்பி வைத்து அழுத்தினேன். பன்னிரண்டு கிண்ணங்களிலும் ஐந்தாவது மேடு என் நாற்காலியைப் பார்த்திருந்தது.

படிவம் எடுக்க அலமாரிக்குப் போனேன். கிண்ணங்களை யாரும் தொடவில்லை. ஐந்தாவது மேடுகள் இப்போது அலமாரிப் பக்கம் இருந்தன.

உலைக்காரர் எழுந்துவிட்டார். “எழுதாதீங்க மச்சான். எனக்காகச் சொல்லல.”

எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். வழக்கம்போல ஒருமுறைக்கு இருமுறை அளந்தேன். இரண்டாம் முறை அளந்தபோது, என்னைப் பார்த்திருந்த பன்னிரண்டு மேடுகளும் முதல் அளவைவிட அரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தன.