புறாப் பால்

இன்னாசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினான்.

"இன்னா நைனா, நெஞ்சு வலியா? ஆஸ்பத்திரிக்கு வுட சொல்லட்டா?" மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பதறினார்.

"வலி இல்லக்கா. குஞ்சு." சட்டைப் பொத்தானை அவிழ்த்துக் காட்டினான். உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் பஞ்சு, பஞ்சின் நடுவே நேற்றுப் பொரிந்த புறாக் குஞ்சு. கழுத்து நிற்கவில்லை.

டப்பா மூடியில் நீலப் பேனாவில் ஒரு சிலுவை. தன் சாமான் எதுவும் மாறிவிடக் கூடாதென்று தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து செருப்பு வரை சிலுவை போட்டு வைக்கிற ஆள் அவன்.

காலையில்தான் அவன் வீட்டுத் தாய்ப்புறாவைப் பூனை கவ்விப் போயிருந்தது. ஆண்புறா மிரண்டு கூட்டுப் பக்கமே வரவில்லை. அடைகாத்து முடிக்கும் சமயத்தில் பெரிய புறாவின் தொண்டையில் ஊறி, அது கக்கி ஊட்டும் பால்தான் முதல் வாரத்தில் குஞ்சுக்கு உயிர். இன்னாசி ஊற்றிய கஞ்சி பஞ்சைத்தான் நனைத்தது.

அவனுக்குத் தெரிந்து அந்தப் பால் இன்று இருப்பது ஒரே இடத்தில், திருவொற்றியூர் தௌசீஃப் வீட்டு மாடியில். புறாப் பந்தயத்தில் தௌசீஃபின் புறாவிடம் தோற்ற கடுப்பில், மூன்று வருஷமாக இன்னாசி அவனோடு பேசுவதில்லை. இப்போது மானம் பார்க்க நேரமில்லை.

கன்டெய்னர் லாரிகள் அனுமார் வாலாக நின்றன. "ஓரமா பூந்து போயேன்பா!" என்று டிரைவரிடம் கத்தினான். நிமிஷத்துக்கு ஒரு தரம் சட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். மூச்சு இருந்தது. பாதியிலேயே இறங்கி ஓடினான்.

வாசலில் தௌசீஃப் நின்றிருந்தான்.

"தௌசீஃபு, கோவத்த அப்பறம் வச்சிக்கலாம். இது சாவக் கெடக்குது. உன் ஜோடி அடையில கீதுன்னு சொன்னாங்க. அதுங்கிட்ட வையி, புண்ணியமா போவும்."

தௌசீஃப் டப்பாவை எட்டிப் பார்த்தான். "மேல வா மாமு."

இருவரும் மாடிக்கு ஓடினார்கள். "பாத்து, நாலாவது படி போன மாசம் ஒடஞ்சிச்சி" என்று தௌசீஃப் திரும்புவதற்குள் இன்னாசி அதைத் தாண்டியிருந்தான்.

தௌசீஃப் குஞ்சை எடுத்து, அடையில் இருந்த புறாவின் வயிற்றுக்கடியில் தள்ளினான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புறா குனிந்தது, குஞ்சின் அலகைத் தன் வாய்க்குள் வாங்கிக்கொண்டு கழுத்தைக் குலுக்கியது. குஞ்சின் தொண்டைக்குக் கீழே சின்னதாக உப்பியது.

இன்னாசிக்கு அழுகையே வந்துவிட்டது. "பொழச்சிக்கும்ல? கொஞ்சம் பெருசானதும் எடுத்துனு பூடறேன், தோஸ்து. என்னோட ராசியான ஜோடி போட்ட முட்டை இது."

தௌசீஃப் மறுபடி புறாவுக்கடியில் கையை விட்டு, அது இத்தனை நாள் அடைகாத்த முட்டையை எடுத்து இன்னாசியின் உள்ளங்கையில் வைத்தான்.

அது முட்டையே இல்லை. நிஜ முட்டையை எடுக்கிறவர்கள், புறா எழுந்து போகாமலிருக்க வைக்கிற சுண்ணாம்பு முட்டை. அதன் மேல் நீலப் பேனாவில் ஒரு சிலுவை இருந்தது.

"உன் முட்டைய நீ எடுத்துனு போ மாமு. என் குஞ்சு இங்கியே வளரட்டும்."