ஹெல்மெட் போட்ட மாடி

பெங்களூரு ஈஜிபுராவில் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகிறவர்கள் இந்த மாதம் முழுக்க ஹெல்மெட்டோடுதான் போகிறார்கள். சோனியாவும் போட்டிருக்கிறாள்; ஆனால் அவள் கையில் வாளி இல்லை, கேமரா இருக்கிறது. எதிரே சில்வர் ஓக் மரத்தின் உச்சியில், சுள்ளியும் நீல பிளாஸ்டிக் கயிறுமாகக் கட்டிய கூட்டில், இரண்டு பருந்துக் குஞ்சுகள் வாயைப் பிளக்கின்றன. தாய் கோழிக்குடலைக் கிழித்துக் கிழித்து ஊட்டுகிறது. தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கும் ஆண் பருந்து இவளையே முறைக்கிறது. வெயில் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருக்க, ஃபோகஸ் நிற்கவே மாட்டேன் என்கிறது. நேற்று எடுத்த படத்தைத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் முப்பது ஹார்ட் வந்து விழுந்தது. வீட்டு ஓனர் லட்சுமம்மா மட்டும், "போன வாரம் என் மண்டையக் கீறினது இதுதானா?" என்று கேட்டிருந்தார். படியில் செருப்புச் சத்தம். தோளில் கயிறும் கையில் ரம்பமுமாக ஒருவன் ஏறி வருகிறான். தொட்டியிலிருந்து பருந்து விருட்டென்று எழும்புகிறது. அவன் குனிந்துகொண்டே தன் போனை நீட்டுகிறான். அதில் அவள் எடுத்த படம்.

"ஓனரம்மா அனுப்பினாங்கக்கா. சூப்பரா எடுத்திருக்கீங்க. எந்தக் கிளைன்னு தேடவே வேணாம்."