இரண்டு தட்டு

அன்புத் தங்கச்சி,

இங்கே ரயில்வே யார்டில் கடைசிக் கோதுமை வேகனையும் உடைக்க ஆள் வந்துவிட்டது. இப்போது எல்லாம் மூட்டையாக லாரியில் போகிறது. அடிக்கதவு வழியாகக் கொட்டும் வேகன் யாருக்கும் வேண்டாம். அதுவும் போனால் யார்டில் காவலுக்கு நானும் வேண்டாம்.

உன் வீட்டுக்காரர் காலமாகும்வரை நாங்கள் வேலை செய்த முறை உனக்குத் தெரியும். காலியான வேகனுக்குள் அவர் பெருக்குவார். அடிக்கதவை மூடுமுன் நான் வெளியே இரண்டு தட்டு தட்டுவேன். உள்ளே இருந்தால் அவர் ஒரு தட்டு தருவார். சத்தமில்லை என்றால் மூடிவிடுவேன்.

திங்கட்கிழமை, வெட்ட வந்தவர் கேஸ் கட்டரைப் பற்றவைக்குமுன் நான் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டினேன். உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது. ஏணி போட்டுப் பார்த்தேன். யாருமில்லை. தரை மட்டும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது.

"என்னண்ணே, புதையலா கெடக்கு? வெட்டவா?" என்றார் கட்டர்காரர்.

"இருப்பா, உள்ள ஆள் இருக்கு."

"சரியாப்போச்சு, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு!" என்று சிரித்தபடி அவரும் தட்டிப் பார்த்தார். கட்டரைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பவேயில்லை.

அதனால் வேகன் நிற்கிறது. தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் போய்த் தட்டுகிறேன். பதில் வருகிறது. இந்த யார்டில் எனக்குப் பேச்சுத்துணை அதுதான்.

நேற்று நான் தட்டுமுன்பே உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது. சுற்றிலும் பார்த்தேன். தண்டவாளமும் புல்லும்தான். சத்தமில்லை என்றால் கதவு மூடிவிடும் அல்லவா? அவசர அவசரமாக ஒரு தட்டு தட்டினேன்.