தலையணை வரிசை

மாலை வெயில் நீண்டு கிடக்கும் கூடத்தில் நாற்காலிகள் வரிசைகட்டி நிற்க, ஒவ்வொன்றிலும் ஒரு தலையணை பெரிய மனிதர்போல் உட்கார்ந்திருக்கிறது. கைபேசியில் ராட்டின இரைச்சல். கடைசித் தலையணைக்குப் பின்னால், காதுக்கவசம் மாட்டிய மகள் மெல்ல அசைந்தாடியபடி காத்திருக்கிறாள். ஆட்டிசம் உள்ள அவள் வரிசையில் நிற்கும் இந்த ஒத்திகையில் தேறினால்தான் பொழுதுபோக்குப் பூங்காப் பயணம் என்பது தையல்கார அம்மாவின் கணக்கு. பல ஊர் சுற்றிய அம்மாவின் அண்ணன் சோபாவில் சாய்ந்து, "ஞாயித்துக்கிழமை ராயல் பேக்கேஜா போடும்மா. வாணவேடிக்கையும் உண்டு. நம்ம கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்கிறார். "செவ்வாய்க்கிழமைன்னா கூட்டமும் கம்மி, டிக்கெட்டும் பாதி விலைண்ணே. கௌரவத்துக்கு நீங்க தனியா வெடி வாங்கிக்குங்க." "இவளாவது, வரிசையில நிக்கிறதாவது" என்று எழுந்தவர், முதல் தலையணைக்கு முன்னால் போய் மிடுக்காக நிற்கிறார். மகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டை நுனியைப் பிடித்து இழுத்துவந்து தனக்குப் பின்னால் நிறுத்துகிறாள். "மாமா பின்னாடி" என்றுவிட்டு, மறுபடி தன் இடத்தில் அசைந்தாடுகிறாள். அம்மா இரைச்சலை நிறுத்திவிட்டுச் செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போடுகிறாள்.