கறார் ஹைமாவதி

"தணிக்கைக்கு அந்த ஹைமாவதி அம்மா மட்டும் வேண்டாம் சார்" என்றார் நிதி மேலாளர் சேஷகிரி. "போன வருஷம் ஒரு பெயிண்ட் கம்பெனி அறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேன்னு எழுந்து போயிட்டாங்க. அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டரே போச்சு."

"அதனாலதான் அவங்களைக் கூப்பிடணும்கிறேன்" என்றார் பானுமூர்த்தி.

விசாகப்பட்டினத்தைத் தாண்டி, கடலோரத்தில் மருந்துகளுக்கு மூலப்பொருள் தயாரிக்கும் தொழிற்சாலை. பானுமூர்த்தி அங்கே சுற்றுச்சூழல் அதிகாரி. வருடம் தவறாமல் கம்பெனி ஒரு பசுமை அறிக்கை போடும். எவ்வளவு கழிவுநீர், எவ்வளவு புகை, எத்தனை மரக்கன்று எல்லாம் அதில் இருக்கும். சொன்னது நிஜம்தான் என்று வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக் கம்பெனிகள் சரக்கு வாங்கும்.

இதுவரை போட்டது ஜோகாராவ். வருவார். பீச் ஓட்டலில் தங்குவார். இறால் வறுவல் சாப்பிடுவார். ஒரு வேப்பங்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வார். கழிவுநீர்த் தொட்டியை இன்றுவரை வீடியோவில்தான் பார்த்திருக்கிறார்.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் மீனவர்கள் வலை போட்டால் மஞ்சளாகக் கறை ஏறி வந்தது. அறிக்கையில் ஓடை ஆரோக்கியமாக இருந்தது.

"ஜோகாராவுக்கு என்ன குறை?" என்றார் சேஷகிரி. "ஒரு கேள்வி கேட்டதுண்டா?"

"அதுதான் சார் குறை."

எம்.டி. கொண்டலராவ் செல்போனிலிருந்து நிமிர்ந்தார். பானுமூர்த்தி திட்டு வாங்கத் தயாரானார்.

"ஹைமாவதி மேடத்தையே கூப்பிடுங்க. என்ன கேக்கறாங்களோ குடுங்க."

பானுமூர்த்திக்கு வெட்கமாகிவிட்டது. இந்த மனிதரைப் போய் இத்தனை வருடம் தப்பாக நினைத்திருக்கிறோமே.

ஹைமாவதி வந்தார். வீடியோ போட எழுந்தவரை உட்காரச் சொன்னார். தொட்டியை எட்டிப் பார்த்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைச் சேற்றில் இறங்கினார். மீனவர்களிடம் அரை நாள் பேசினார்.

திரும்பி வந்தவரை கொண்டலராவ் தானே எழுந்து வரவேற்றார்.

"மேடம், எங்க லட்சணம் எங்களுக்கே தெரியும். நீங்க தப்பு கண்டுபிடிச்சிட்டுப் போனா யாருக்கு லாபம்? எங்களுக்கு ஆலோசகரா இருங்க. மூணு வருஷம். உள்ளே இருந்து சரி பண்ணிக் குடுங்க."

ஹைமாவதி யோசித்தார். "ஆலோசனை சொன்னா நான் தணிக்கை பண்ண முடியாதே. நான் சொன்னதை நானே எப்படிச் சரின்னு சொல்றது?"

"நியாயம். தணிக்கைக்கு வேற ஆளைப் பார்த்துக்கலாம். முதல்ல ஓடை முக்கியம் இல்லையா?"

அன்று மாலை காரில் ஏறும்போது ஹைமாவதி பானுமூர்த்தியிடம் கேட்டார், "நீங்க என்ன சொல்றீங்க?"

"உள்ளே வந்தாத்தான் மேடம் ஏதாவது நடக்கும். எங்க எம்.டி. நிஜமாவே மாறிட்டார்."

அவர் சம்மதித்தார்.

புதுத் தொட்டிக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். ஓடைக்கு எங்கெங்கே அளவுமானி வைக்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் கொண்டலராவ் தலையாட்டினார். அடுத்த காலாண்டு என்றார். அப்புறம் அதற்கடுத்த காலாண்டு என்றார்.

அறிக்கை வந்தது, வழவழப்பான தாளில். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்து: 'எங்கள் ஆலோசகர் திருமதி ஹைமாவதி.'

கடைசிப் பக்கத்தில் தணிக்கையாளர் கையெழுத்து. ஜோகாராவ்.

ஓடை இந்த வருடமும் ஆரோக்கியமாக இருந்தது.

பானுமூர்த்தி அறிக்கையைக் கையில் பிடித்தபடியே எம்.டி. அறைக்குள் போனார்.

"சார், மேடம் இதைப் பார்த்தாங்க. அழாத குறைதான். அவங்க சொன்னது ஒண்ணுமே நடக்கலை. அவங்க பேரு மட்டும் முன்னாடி நிக்குது."

"கோபமா இருக்காங்களா?"

"ஒப்பந்தத்தை முறிச்சுக்கறாங்களாம். வெளியே போய், தணிக்கையாளரா திரும்பி வந்து, இதே அறிக்கையைக் கிழிக்கப் போறதா சொல்றாங்க."

"வர முடியாதுய்யா. ஆலோசனை சொன்னவங்க கொஞ்ச வருஷத்துக்கு அதே கம்பெனியைத் தொடக்கூடாது. அவங்க உயிரா மதிக்கிற விதிதான்."

பானுமூர்த்தி அறிக்கையை மேஜைமேல் வைத்தார். "அப்போ எதுக்கு சார் அவ்வளவு குடுத்து அவங்களைக் கூப்பிட்டீங்க?"

கொண்டலராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, வேலை கற்றுக்கொடுக்கிற பொறுமையோடு சொன்னார்.

"அவங்க வெளியே இருந்தா, நம்மகிட்ட சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரன் என்னைக்காவது தணிக்கைக்கு அவங்களைத்தான் அனுப்புவான். கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்ற உரிமை வெளியாளுக்குத்தான்யா. அதான் நம்ம ஆளாக்கிட்டேன்."