சைவ ஓட்டலுக்கு ஒரு லோன்

‘சுத்த சைவம்’ போர்டில் பெயின்ட் இன்னும் காயவில்லை. புகழேந்தி அதை விசிறிக்கொண்டிருந்தபோதே சோரியாங்குப்பம் ரோட்டில் பேங்க் ஆபீசரின் பைக் திரும்பியது.

“சரண்யா, வந்துட்டாரு! அய்யனாரப்பன் படத்துக்குப் பூ வெச்சியா?”

“வெச்சாச்சு. நீ மொதல்ல வேர்வையத் தொடச்சிக்க.”

வேர்க்காமல் என்ன செய்யும்? அந்தக் கட்டடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் திறக்கப்போவது பார். தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம். இந்தப் பக்கம் சரக்கு மலிவு என்று அந்தப் பக்கத்து ஆட்கள் தாகத்தோடு வருகிற ரோடு அது.

ஆனால் அரசு கேரன்டி தருகிற சிறுதொழில் கடனில் மதுக்கடைக்கு ஒரு பைசா கிடையாது. அதனால் விண்ணப்பத்தில் ‘சைவ உணவகம்’ என்று எழுதிவிட்டார்கள். லோடு ஆட்டோவை விற்றுக் கட்டிய கட்டடம். லோன் வராவிட்டால் புகழேந்தி மறுபடி கரும்பு வெட்டத்தான் போக வேண்டும்.

பார் லைசென்ஸ் புதிதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. பழைய லைசென்ஸ் வைத்திருக்கிற யாரிடமாவது லீசுக்கு எடுக்க வேண்டும். ஆறு மாதம் அலைந்தும் ஒருவரும் சிக்கவில்லை. அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் லோன் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

ஆபீசர் ராஜ்மோகன் ஹெல்மெட்டைக் கழற்றினார். சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“கோயில், ஸ்கூல் எல்லாம் இங்கேர்ந்து எவ்ளோ தூரம்?”

கோயிலுக்கும் ஸ்கூலுக்கும் பக்கத்தில் பார் வைக்க விட மாட்டார்கள் என்பது புகழேந்திக்குத் தெரியும். பார் வைக்கிறவனிடம் கேட்கிற கேள்வி அல்லவா இது!

“கோயில் பக்கத்துலதான் சார்” என்று சரண்யா முந்திக்கொண்டாள். “மணி அடிச்சா இங்க கேக்கும்.” கோயில் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

ஆபீசர் முகம் சுருங்கியது. “சாயங்காலத்துல எல்லை தாண்டி நெறைய பேர் வருவாங்களே. வெறும் இட்லி போதுமா அவங்களுக்கு?”

“பொங்கலும் உண்டு சார்” என்றான் புகழேந்தி.

“வேற யோசனை எதுவும் இல்லியா? தைரியமா சொல்லுங்க.”

மனுஷன் நன்றாகவே தூண்டில் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டான் புகழேந்தி. “இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? குடிச்சவன் நெழலே ஆவாது எனக்கு.”

ஆபீசர் பைலைத் திறக்காமல் நின்றார். அவர் நம்பவில்லை என்று புகழேந்திக்குத் தோன்றியது. கைக்கு எட்டிய லோன் நழுவுகிறதே என்ற பயத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. விறுவிறுவென்று போய் அய்யனார் படத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றினான்.

“ஐயோ, அதெல்லாம் வேணாங்க!” என்று ஆபீசர் பதறிப்போய்த் தடுத்தார்.

புகழேந்தி கேட்கவில்லை. “அய்யனாரப்பன் சாட்சியா சொல்றேன். இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு சொட்டு சரக்கு வராது! நானும் விக்க மாட்டேன், எவனையும் விக்க வுட மாட்டேன்!” என்று உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தான்.

ஆபீசர் புகையைக் கையால் விலக்கினார். பிறகு பைலைத் திறந்து, கடன் தரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சரண்யா சந்தோஷத்தில் அய்யனார் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். புகழேந்தி உள்ளங்கையை ஊதிக்கொண்டான். ஒரு கெடா வெட்டினால் அய்யனார் மன்னித்துவிடுவார் என்று அவனுக்குத் தைரியம் வந்திருந்தது.

வழியனுப்ப இருவரும் பைக் வரைக்கும் போனார்கள். ஆபீசர் சாவியைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

“எடத்தப் பத்திக் கேள்விப்பட்டு, ஒரு ஆசையோடதாங்க வந்தேன். நீங்க கற்பூரம் அணைச்சிட்டீங்க. இனிமே அதப் பேசுனா சாமி குத்தம்.”

“எதப் பத்தி சார்?” என்றான் புகழேந்தி.

“எங்க மாமனாரோட பார் லைசென்ஸ் சும்மா கெடக்குதுங்க.”